தேறக் கூடாத பரீட்சை

மகள் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நான் அந்த லட்டைத் தொடவில்லை. அவள் தேறியிருக்கவே கூடாது. அது பள்ளிக்கூடத்துப் பரீட்சை அல்ல. புத்தி வளராத பிள்ளைகளுக்கு எதையாவது கற்றுக்கொடுக்க முடியுமா என்று பார்க்க ஒரு டாக்டரம்மா வைத்த சோதனை. தெரியாத பிள்ளைக்குத்தான் அவர் நடத்தும் வகுப்பில் இடம். என் மகளுக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் தெரிந்தவள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது ரங்கூனில், அறுபதுகளின் நடுவில் நடந்தது. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, நம் ஆட்கள் மூட்டை கட்டிக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். நாங்கள் பசுந்தாங் பகுதியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீசில் கிளார்க். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய அப்பா கிளார்க், அவருக்கும் அப்பா கிளார்க். அந்தக் குடும்பத்தில் பரீட்சை என்றால் ஜெபத்துக்கு அடுத்தது அதுதான். நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். ரவிக்கை, ஃபிராக் தைப்பேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று கோயில் முழுக்கப் பேச்சு.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நடக்கத் தொடங்கியதே நாலு வயதில். பேச்சு கொஞ்சம்தான், அதுவும் பாதி தமிழ், பாதி பர்மியம். சாப்பிடுவாள். தண்ணீர் ஊற்றிவிட்டால் குளிப்பாள். தெருவில் பஸ் வந்தால் ஜன்னலுக்கு ஓடுவாள். தனாக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிவிட்டால் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்பாள். யாரையும் அடித்ததில்லை. எங்கள் ஆட்கள் அவளை மந்தம் என்பார்கள், பாவம் என்பார்கள். பாவம் என்று சொல்லுகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. மந்தம் என்று சொல்லுகிறவனாவது ஒதுங்கிப் போய்விடுவான்.

பதின்மூன்று வயதில் அவள் பெரியவளானாள். நாங்கள் வேதக்காரர்கள்தான். ஆனாலும் இதற்கு மட்டும் மஞ்சள் தண்ணீர், புதுத்துணி, புட்டு எல்லாம் உண்டு. நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது? துணி வைத்துக் கட்டிவிட்டால் அவிழ்த்துவிடுவாள். அவிழ்த்து எறிந்தால்கூடப் பரவாயில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவாள். யார் வந்திருந்தாலும் காட்டுவாள். அவளுக்கு அது தன் உடம்பு செய்த ஒரு புது வேலை. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரியாது. ஆனால் அந்தத் துணி ஒருநாள் மாடிப்படியில் கிடந்தபோது கட்டடம் முழுக்கச் சத்தம் போட்டார்கள்.

என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலாவில், இப்படிப்பட்ட பெண்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு குடும்பம் இருக்கிறதாம். அங்கே விட்டுவிட்டால் அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்றாள்.

நான் அவளோடு சண்டை போடவில்லை. அடுத்த நாள் படகேறி டாலாவுக்குப் போனேன். துறையிலிருந்து சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா வைத்துக்கொண்டு, சேற்றில் அது நின்ற இடத்திலிருந்து நடந்தேன். மூங்கில் வீடு. ஒரு பெண்ணைத் தூணில் கட்டியிருந்தார்கள். கயிறு நீளமாகத்தான் இருந்தது. அந்த வீட்டு ஆட்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாரும் வயலுக்குப் போக வேண்டியவர்கள், கட்டாவிட்டால் அவள் ஆற்றில் விழுவாள். சோறு போட்டிருந்தார்கள். தலை வாரியிருந்தது. ஆனால் அவளுடைய லுங்கியின் பின்பக்கம் கறை காய்ந்து, அதன்மேல் புதுக் கறை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். திரும்பி வருகிற படகில் ஒன்றைத் தீர்மானம் செய்துகொண்டேன். பாப்பா எழுதப் படிக்க வேண்டாம், எண்ண வேண்டாம். அந்தத் துணியை அவளே வைத்து, அவளே எடுத்து, அவளே மறைவாகப் போட வேண்டும். அது தெரிந்துவிட்டால் எவளும் டாலாவைப் பற்றி என்னிடம் பேச முடியாது. தெரியாவிட்டால், நான் செத்த மறுநாள் அவள் அந்தத் தூணில் இருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவர் பர்மாக்காரி, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எல்லாரும் அவரைச் சயாமா என்பார்கள். டீச்சருக்கும் டாக்டரம்மாவுக்கும் அங்கே அதுதான் மரியாதைச் சொல். கொண்டையில் பூ இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். பிடிவாதத்தில் எனக்கு அக்கா. எனக்குத் தெரிந்து இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அப்போது இருந்தது பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்றுதான். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று மேலே இருக்கிறவர்களுக்கு ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்பது சயாமாவின் எண்ணம். முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன தெரியும் என்று சோதித்து எழுதிக்கொள்வார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு வருஷம் வகுப்பு. கடைசியில் மறுபடி அதே சோதனை. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆராய்ச்சி. இடம் கொஞ்சம்தான் இருந்தது. ரொம்பவும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு முதல் இடம்.

இதை என்னைப் போன்ற ஐந்தாம் வகுப்புக்காரிக்குப் புரிகிற மாதிரி சயாமாவே எங்கள் தெருவுக்கு வந்து சொன்னார். படித்தவர்களுக்குத்தான் புரியவில்லை.

முதலில் சோதனைக்குப் போய்வந்த பிள்ளையின் தகப்பனும் ஒரு கிளார்க். கூடவே உட்கார்ந்திருந்தவன் கேள்விகளை மனசில் வாங்கிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று மற்றத் தகப்பன்களுக்குச் சொன்னான். கேள்வி வெளியே வந்துவிட்டது! அவ்வளவுதான். கோயில்காரர்கள், ராவுத்தர் வீடுகள், எல்லா வீட்டிலும் பாடம் தொடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அட்டையை வெட்டி வர்ணக் காகிதம் ஒட்டினார். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பாப்பாவை எதிரில் உட்கார வைப்பார். முதல் அட்டை, "சிவப்பு." இரண்டாவது, "நீலம்." அப்புறம் மஞ்சள். அப்புறம் கையில் எத்தனை விரல். அப்புறம் நெருப்பைப் பார்த்தால் என்ன செய்வாய். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு பிஸ்கோத்து.

நான் கேட்டேன். "இது எதுக்குங்க? தெரியாத பிள்ளைக்குத்தானே அங்க சொல்லிக் குடுக்கிறாங்க?"

"நீ சும்மா இரு. பரீட்சைன்னா பாஸ் பண்ணணும். முட்டாளுக்குச் சீட்டு குடுக்கிற பள்ளிக்கூடத்தை எங்கயாவது பாத்திருக்கியா?"

"இது அவங்களுக்குன்னே வச்ச பள்ளிக்கூடம்தானே?"

"ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துல பாஸ் பண்ணியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சண்டைக்கு அதுவே போதும். ஆனால் பாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தகப்பன் அவளை அவ்வளவு நேரம் எதிரில் வைத்துக்கொண்டு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் கண் அட்டையில் இல்லை, அவர் பையில் இருந்தது. சரி, இதெல்லாம் இவள் மண்டையில் எங்கே ஏறப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஏறிவிட்டது. சோதனையன்று சயாமா கேட்கக் கேட்க, பாப்பா கிளிப்பிள்ளை மாதிரி சொன்னாள். சயாமா சந்தோஷப்பட்டார். "இவளுக்கு எங்கள் வகுப்பு தேவையில்லை. சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் சேருங்கள்" என்றார். அதற்குத்தான் லட்டு.

கீழ்வீட்டில் ராமநாதபுரத்துப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவர்கள் துணிக்கடையும் போய்விட்டது, கப்பலுக்கு எழுதிவைத்துக் காத்திருந்தார்கள். அவர்கள் மகனும் பாப்பா மாதிரிதான். அந்தப் பையன் சோதனையில் வாயைத் திறக்கவே இல்லை. அவன் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே வந்தாள். "என் புள்ள பெயிலாயிட்டான்க்கா. கொட்டகையிலதான் இடமாம். உங்களுக்கென்ன, உங்க பாப்பா பாஸு."

"அடிப் போடி. உன் பிள்ளைக்கு இடம் கிடைச்சிருக்கு. எனக்கு லட்டு கிடைச்சிருக்கு. மாத்திக்கலாமா?"

அவளுக்குப் புரியவில்லை. லட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரர் பாப்பாவைச் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி, அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பள்ளிக்கூடத்து ஆயா அவளை நடத்திக் கூட்டிவந்து என்னிடம் விட்டாள். அவளுக்குத் தீட்டு வந்திருக்கிறது. துணியை எடுத்து டீச்சரின் மேசைமேல், மற்றப் பிள்ளைகள் சிலேட்டு வைக்கிற இடத்தில், வைத்துவிட்டாள். இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று ஆயா சொன்னாள். பாப்பாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. டீச்சர் ஏன் கத்தினாள் என்று என்னைப் பார்த்து அழுதாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா சொன்ன எடத்தையே பாத்துரலாம்" என்றார்.

"எந்த எடம்? பேரைச் சொல்லுங்க."

"டாலா."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"நான் பாத்தேன். அங்க ஒரு பிள்ளையைத் தூண்ல கட்டியிருக்கு. அந்தப் பிள்ளைக்கும் ஒரு அப்பன் இருப்பான். நாளைக்குக் காலையில நான் சயாமாகிட்டப் போறேன். நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லப்போறேன்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "பாஸானதைக் கெடுக்கப் போறியா? ஊர் சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும்."

காலையில் அவரும் கூடவே வந்தார். அந்தப் பாஸைக் காப்பாற்ற வந்தார்.

சயாமா என்னை 'அமா' என்று கூப்பிடுவார். பர்மியத்தில் அக்கா. நாங்கள் பேசியதெல்லாம் பர்மியத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இவளுக்கு ஒன்றும் தெரியாது, சயாமா. மறுபடி கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

"எல்லாத் தாயும் என் பிள்ளைக்கு இன்னும் நிறையத் தெரியும் என்றுதான் சொல்லுவாள். நீங்கள் தலைகீழாகச் சொல்லுகிறீர்கள், அமா."

"தலைகீழாகவே கேளுங்கள். கடைசி அட்டையை முதலில் காட்டுங்கள்."

என் வீட்டுக்காரர் வேகமாகச் சொன்னார். "அப்படி மாற்றிக் கேட்பது முறையில்லை."

சயாமா அவரைப் பார்த்தார். கடைசி அட்டையை எடுத்தார். மஞ்சள்.

"சிவப்பு" என்றாள் பாப்பா.

அடுத்து சிவப்பைக் காட்டினார். "நீலம்." நெருப்பைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். "மஞ்சள்." கையில் எத்தனை விரல் என்று கேட்டபோது, "அம்மாவைக் கூப்பிடுவேன்" என்றாள். அது நெருப்புக்குச் சொல்ல வேண்டிய பதில். வரிசையாக மனப்பாடம் செய்ததில் நடுவில் 'அஞ்சு' விட்டுப்போய்விட்டது. சொல்லி முடித்துவிட்டுச் சயாமாவை விட்டு எழுந்து, தகப்பன் பக்கத்தில் போய் நின்று, அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். பையில் ஒன்றும் இல்லை. வெறும் கையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

அவர் தமிழில் மெதுவாகச் சொன்னார். "அட்டையைப் பாரும்மா. அட்டையைப் பாத்துச் சொல்லு."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதி இன்னும் இருக்கிறது.

சயாமா அட்டைகளைக் கீழே வைத்தார். "யார் சொல்லிக்கொடுத்தது?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். எல்லாவற்றையும் சொன்னார். கோயில் வாசல், கேள்விகள், மற்ற வீடுகள். சொல்லச் சொல்லச் சயாமாவின் முகம் வெளுத்தது. அவர் இத்தனை மாதம் எழுதிவைத்தது எதுவும் உதவாது. எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இனி அவருக்கே தெரியாது.

"உங்கள் பிள்ளைகளுக்காகத்தானே செய்தேன்? மறைக்க என்ன இருக்கிறது? இதில் தேறினால் நஷ்டம் என்று சொல்லவில்லையா நான்?" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை. 

என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். அவரை நான் என்ன வேண்டுமானாலும் சொல்லுவேன், மற்றவர்கள் சொன்னால் பொறுக்காது. எனக்கு வாய் வந்துவிட்டது.

"நீங்கள் கேட்ட கேள்வி மட்டும் என்ன சரி? நெருப்பைப் பார்த்தால் என்ன செய்வாய் என்கிறீர்கள். ரத்தத்தைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டீர்களா? அதற்காகத்தான் இவளை டாலாவில் கட்டச் சொல்லுகிறார்கள். சிவப்புத் தெரியாததற்கு ஒருவரும் கட்டச் சொல்லவில்லை."

"இந்தக் கேள்விகள் நான் படித்த ஊரிலிருந்து கொண்டுவந்தவை, அமா."

"அந்த ஊரில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு ரத்தம் வராதா?"

என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சயாமா அட்டைகளைச் சேர்த்து அடுக்கினார்.

"நான் அதைக் கேட்டிருந்தால் உங்கள் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு பதில் மனப்பாடம் செய்ய வைத்திருப்பார். பாப்பா அழகாகச் சொல்லியிருப்பாள். துணியை மறுபடி மேசைமேல்தான் வைத்திருப்பாள்" என்றார்.

உண்மைதான். அப்படித்தான் நடந்திருக்கும்.

அவர் வகுப்பைத் தள்ளிவைத்தார். எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி பார்ப்பது, இந்தத் தடவை வீட்டுக்கே போய், சொல்லாமல் கொள்ளாமல் போய், பிள்ளை என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தார். அதற்குச் சில மாதம் பிடித்தது. அந்தச் சில மாதம் பசுந்தாங்கில் என்னோடு முகம் கொடுத்துப் பேசியவர்கள் குறைவு. கோயிலில் எங்கள் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்தோம். கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் என்னை மறித்தாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா? என் புள்ளைக்கு எடம் கெடைச்சிருந்திச்சு. இப்ப யாருக்கும் இல்ல. நாங்க கப்பலேறிட்டா அங்க எவ இருக்கா இவனுக்குச் சொல்லிக் குடுக்க? உங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல?"

"நான் சும்மா இருந்தா என் பிள்ளை டாலாவுல இருப்பா."

"அதுக்கு என் புள்ள தலையிலதான் மண்ணை அள்ளிப் போடணுமா?"

"ஆமாடி. வேற வழி தெரியல."

அவள் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடிக்கவில்லை, அழுதாள். வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே அவர்களுக்குக் கப்பல் வந்துவிட்டது. அந்தப் பையன் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் செய்தது சரிதான். அவள் அழுததும் சரிதான். இரண்டையும் நான் கூட்டிக் கழித்துப் பார்த்ததில்லை.

சயாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது பாப்பாவுக்கு அந்த நாள். நல்லதாகப் போயிற்று. எல்லாவற்றையும் பார்த்தார். பாப்பாவுக்குக் கொட்டகையில் இடம் கொடுத்தார். ஆனால் இந்த வேலையைக் கொட்டகையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது, வீட்டில் நீங்கள்தான் செய்ய வேண்டும், எப்படி என்று நான் சொல்லுகிறேன் என்றார்.

அவர் முறை எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். துணியைக் கட்டுவது, அவிழ்ப்பது, மடிப்பது, குளிக்கும் அறைக்கு எடுத்துப் போவது, மூடி போட்ட டின்னில் போட்டு மூடுவது. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும். டின்னில் போட்டு மூடுவதை மட்டும் பாப்பா செய்ய வேண்டும். அது பழகினபின், குளிக்கும் அறைக்கு எடுத்துப் போவதும் அவள். அதன்பின் மடிப்பது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால். எப்போதும் வேலையை முடிக்கிற ஆள் அவளாக இருப்பாள். முடித்த வேலையின் சந்தோஷம் அவளுக்கு வரும், அதுதான் கணக்கு. மாதத்தில் சில நாள் மட்டும் செய்தால் மறந்துவிடுவாள், தினமும் செய்யுங்கள் என்றார். ரத்தக் கறை மாதிரி இருக்க, வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியைத் தண்ணீரில் கரைத்துப் பழந்துணியில் நனைத்து, தினமும் காலையில் செய்தோம்.

தினமும் என்றால் தினமும். எனக்கு இடுப்பு வலித்தது, தைக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது. டின்னை உதைத்துத் தள்ளுவாள். மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவாள். ஒரு வாரம் சரியாகச் செய்வாள், அடுத்த வாரம் ஒன்றுமே தெரியாதவள் மாதிரி நிற்பாள். நான் கத்தியிருக்கிறேன். முதுகில் ஒன்று வைத்தும் இருக்கிறேன். அன்றைக்கு மறுபடி மூடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அடித்தால் எனக்குத்தான் வேலை கூடும் என்று தெரிந்தபின் அடிப்பதை நிறுத்தினேன். அன்பினால் நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் தலையிடவில்லை, அது ஆண்கள் வேலை இல்லை. அந்த நேரம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் துணி போதவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டிருக்கிறார் போல. மறுநாள் தையல் மெஷின் மேல் அவருடைய பழைய லுங்கி ஒன்று கிழித்துக் கிடந்தது. எல்லாம் ஒரே அகலம். ஸ்கேல் வைத்துக் கிழித்திருந்தார்.

பாதிரியார் எங்கள் வீட்டுக்கு ஜெபம் செய்ய வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. நானும் முன்னறையில் இருந்தேன். பாப்பா உள்ளேயிருந்து வந்தாள். கையில் துணி, நான்காக மடித்தது. அதுவரை மடிக்க வராமல் இரண்டு மாதமாகப் போராடிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தானாகவே மடித்திருக்கிறாள். சரியாகச் செய்தால் எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நேரே தகப்பனிடம் போய், ஒரு கையில் துணியை நீட்டிக்கொண்டே மறு கையை அவர் சட்டைப் பைக்குள் விட்டாள்.

பாதிரியார் வேதப் புத்தகத்தைத் திறந்து அதற்குள் முகத்தை விட்டுவிட்டார். நான் எழுவதற்குள் வீட்டுக்காரருக்குக் காது முழுக்கச் சிவந்துவிட்டது. தொண்டையைச் செருமினார். தட்டில் பாதிரியாருக்கு வைத்திருந்த பிஸ்கோத்தில் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"நல்லா மடிச்சிருக்கே. இதை உள்ள கொண்டுபோய் டின்னுல போடணும். வா, அப்பா கூட வர்றேன்."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். டின் மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "ஐயா, எந்த அதிகாரம்?" என்று கேட்டார். பாதிரியார் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

சயாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்து முடிக்க நேரமானது. பிறகு, பிஸ்கோத்தைத் தகப்பன் பையில் வைக்காமல் குளிக்கும் அறையில், டின்னுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அத்தோடு துணி வெளியே வருவது நின்றது. ஒரு பெரிய டாக்டர், ஒரு கிளார்க், ஒரு தையல்காரி, மூன்று பேருக்கும் அது முன்னமே தோன்றவில்லை.

ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. வருஷக் கடைசியில் சயாமா மறுபடி வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதினார். பழைய கேள்விகளில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. பாப்பாவுக்கு இன்னும் மஞ்சள் சிவப்புத்தான். வீட்டில் தாங்களாகச் செய்கிற வேலைகள் என்று அவர் புதிதாகச் சேர்த்த பகுதியில்தான் வித்தியாசம் இருந்தது. அவருக்கு மேலே இருந்தவர் துணி விஷயத்தை எடுத்துவிடச் சொன்னாராம், அசிங்கமாக இருக்கிறதாம். "அவர் வீட்டில் பொம்பளைகளே இல்லையா?" என்றேன். சயாமா எடுக்கவில்லை. வகுப்பு இன்னும் கொஞ்ச காலம் நடந்தது, பிறகு அவரை வடக்கே எங்கோ மாற்றிவிட்டார்கள், கொட்டகையில் கட்டில்களைப் போட்டுவிட்டார்கள். அவர் எழுதியதை யார் படித்தார்கள் என்று தெரியாது. ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

சயாமா போனபின்னும் நான் விடவில்லை. கட்டுவதுதான் கடைசியாக மிச்சம் இருந்தது, அதுதான் கஷ்டம். முடிச்சு விழாது. கொக்கி தைத்துப் பார்த்தேன், குத்தியது. பட்டன் தைத்தேன், பிடுங்கினாள். பெரிய வளையம் போட்டு நாடாவை உள்ளே இழுத்துச் சொருகுகிற மாதிரித் தைத்தபின் கொஞ்சம் வந்தது.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியாமல் பாயில் கிடந்தேன். வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போயிருந்தார். நாத்தனார் துணைக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா அலமாரியைத் திறந்து லுங்கியில் கிழித்த துணி ஒன்றை எடுப்பதைப் பார்த்தேன். அவளுக்கு நாள் வந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "பாப்பா" என்று கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. அவள் குளிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாத்தனார் எழுந்தாள்.

"என்ன செய்யறா உள்ள? நான் போய்ப் பாக்கட்டா?"

"உக்காருங்க அண்ணி" என்றேன். அதற்கு மட்டும் குரல் வந்தது.

ரொம்ப நேரம் ஆயிற்று. தண்ணீர் ஊற்றுகிற சத்தம், நின்று, மறுபடி ஊற்றுகிற சத்தம். ஏதோ கீழே விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பிறகு கதவு திறந்தது. லுங்கியைத் திருப்பிக் கட்டியிருந்தாள், தையல் வெளியே தெரிந்தது. அதில் பாதி ஈரம். நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பின்பக்கம் போயும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. உள்ளே போய் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"அவளே கட்டிக்கிட்டா. கறைபட்டதை டின்னுல போட்டு மூடியிருக்கா" என்றாள்.

"டாலாவுக்கு எப்ப படகு, அண்ணி?" என்று கேட்டேன்.

அவள் அடுப்பங்கரைக்குப் போய் எனக்குக் கஞ்சி வைத்தாள். பாப்பா பஸ் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடிவிட்டாள்.